ஆகஸ்ட் வந்தாலே ராத்திரி வேலை: சின்ன கம்பெனியில் ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நொய்யல்கரை, கோவை

எல்லாருக்கும் வணக்கம். சரவணம்பட்டியில் பதினாலு பேர் வேலை செய்யும் கம்பெனி எங்களுடையது. டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஆர்டர் எடுக்கும் ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுக்கிறோம். லைன் போகும் சேல்ஸ்மேன் ஒவ்வொரு மளிகைக்கடையாக ஏறி ஆர்டர் போட்டு, பெல்ட்டில் மாட்டியிருக்கும் ரெண்டு இஞ்ச் புளூடூத் பிரிண்டரில் பில் அடித்துக் கொடுப்பார். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மூணு, நாலு ஜிபி ரேம் உள்ள போன்கள். ஆப் பக்கம் நான் லீட். என்கூட மூணு பேர், மூணு பேருமே காலேஜ் முடித்து நேரே இங்கே வந்தவர்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு கூகுள் பிளேயில் அப்டேட் போட வேண்டுமென்றால் ஆப் ஏபிஐ 35-ஐ டார்கெட் செய்தாக வேண்டும், அதாவது ஆண்ட்ராய்டு 15-இன் விதிகளுக்கு ஏற்ப இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் மாற்றி ஏற்றினோம். ஆண்ட்ராய்டு 15 உள்ள போன்களில் ஆப் திரை முழுக்க விரிந்து, 'ஆர்டர் சேமி' பட்டன் கீழே பேக், ஹோம் பட்டைக்கு அடியில் போய்விட்டது. சேமிக்கலாம் என்று தொட்டால் ஹோம் திரை வருகிறது. பல்லடம் லைனில் ஒருவர் அறுபது அயிட்டம் அடித்து முடித்துவிட்டு, கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எங்களுக்குப் போன் போட்டுக் கத்தினார். அவர் கோபம் நியாயமானது.

அது அடங்குவதற்குள் செப்டம்பர் 3-ல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. 22-ஆம் தேதியிலிருந்து சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் போய் 5 சதவீதம். தீபாவளி ஸ்டாக் ஏறுகிற நேரம். எங்கள் ஆப்பில் வரி விகிதம் கோடுக்குள்ளேயே இருந்தது, அதனால் மறுபடி ஒரு ரிலீஸ். பிறகு நவம்பர் 1-லிருந்து 16 கேபி பேஜ் சைஸ் நிபந்தனை, அதாவது நினைவகத்தை 16 கேபி துண்டுகளாகக் கையாளும் போன்களிலும் ஆப் ஓட வேண்டும். பிரிண்டர் விற்றவர்கள் கொடுத்த எஸ்டிகேயில் (ஆப்போடு சேர்க்கும் மென்பொருள் தொகுப்பு) ஒரு டாட் எஸ்ஓ கோப்பு, அதாவது ஏற்கெனவே கட்டி முடித்த நூலகம், இருக்கிறது, அது பழைய 4 கேபி கணக்கில் கட்டியது. அவர்களுக்கு மெயில் போட்டால் பதிலே இல்லை. கூகுளிடம் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கி இன்னும் அதிலேயே ஓட்டுகிறோம்.

மூணுமே எங்களுக்கு ராத்திரி வேலையாகத்தான் வந்தது. முதலாளி நல்ல மனிதர், புரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருப்பார். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் கிளையன்ட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார், எங்கள் எல்லாருடைய சொந்த நம்பரும் அவர்களிடம் இருக்கிறது. விடுதியில் தங்கி வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ராத்திரி பத்தரைக்கு ஈரோட்டிலிருந்து 'பில் பிரிண்ட் ஆகலம்மா' என்று போன் வரும். ரூமில் மற்றவர்கள் தூங்குவதால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவாள். பொங்கல் முடிந்து வந்ததும் பேப்பர் போட்டுவிட்டாள். நல்ல கை. அவள் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது முதலாளி, 'எல்லாத்தையும் ஃப்ளட்டருக்கு மாத்திடலாம், அப்புறம் இந்தத் தொல்லையே இருக்காது, ஐபோனுக்கும் ஆச்சு' என்கிறார். ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் ஃபிரேம்வொர்க் அது. இது சரியா? உங்கள் இடத்தில் இந்தக் கெடுவையும் ராத்திரி போனையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பழைய ஜாமரின், மதுரை

ஃப்ளட்டர் நல்ல சாமான்தாங்க, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்க முதலாளி எதிர்பார்க்கிற காரியம் அதில் நடக்காது. டார்கெட் ஏபிஐ நிபந்தனை ஆப் எந்த மொழியில் எழுதினதுன்னு பாக்காது. ஃப்ளட்டரோட என்ஜினே ஒரு டாட் எஸ்ஓ கோப்புதான், 16 கேபி வந்தப்ப அவங்களும் புது வெர்ஷனுக்குத் தாவ வேண்டியிருந்துச்சு. அதே மாதிரி இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ரியாக்ட் நேட்டிவ்காரங்களுக்கு 16 கேபி ஆதரவு 0.77 வெர்ஷன்லதான் வந்துச்சு. நேட்டிவா, நேரா ஆண்ட்ராய்டுக்கே எழுதினா கூகுளோட கெடு மட்டும். மேல இன்னொரு ஃபிரேம்வொர்க் போட்டா அவங்க கெடுவும் சேந்துக்கும்.

எங்க கம்பெனி ஆப் ஜாமரின்ல இருந்துச்சு, அதுவும் இப்படி ஒரு ஃபிரேம்வொர்க்தான். 2016-ல மைக்ரோசாஃப்ட் அதை வாங்கினப்ப இனி கவலையில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. 2024 மே 1-ஓட ஆதரவு முடிஞ்சுபோச்சு. இருந்த ஆளுகளை வச்சே முழு ஆப்பையும் ஆண்ட்ராய்டு மொழியான கோட்லினுக்கு மாத்தினோம், அந்த நேரத்தில் கிளையன்ட் கேட்ட ஒரு புது வசதியும் செய்ய முடியலை. அதனால முதலாளிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: லைன் போற சேல்ஸ்மேன்ல ஐபோன் வச்சிருக்கவங்க யாரு? டிஸ்ட்ரிபியூட்டர் ஓனர் ஐபோன்ல ரிப்போர்ட் பாக்கணும்னா அதுக்கு ஒரு வெப் பக்கம் போதும்.

இன்னொண்ணு. ஆகஸ்ட் 31 தாண்டினா ஆப் செத்துரும்னு நினைச்சு ராத்திரி உக்காராதீங்க. ஏற்கெனவே போன்ல இருக்கிற ஆப் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அப்டேட் ஏத்தறதுதான் நிக்கும். 16 கேபிக்கு வாங்கின மாதிரி இதுக்கும் பிளே கன்சோல்ல அவகாசம் கேக்கலாம், போன தடவை நவம்பர் 1 வரைக்கும் கொடுத்தாங்க. இதை முதலாளிக்கு முதல்லயே புரிய வச்சிட்டா பாதிப் பதட்டம் போயிரும்.

வரி விகிதத்தை இந்த வாரமே ஆப்புக்குள்ள இருந்து எடுத்து சர்வருக்குக் கொண்டுபோங்க. ஹெச்எஸ்என் கோடு (சரக்கு வகைக்கான எண்), விகிதம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. டேபிள்ல நாலு நெடுவரிசை போதும். அந்தத் தேதி நெடுவரிசைகளை மட்டும் விட்டுறாதீங்க. 22-க்கு முன்னாடி 18-ல பில் போட்ட சோப்பு அப்புறமா ரிட்டர்ன் வந்தா, கிரெடிட் நோட் பழைய 18-லதான் போடணும். எங்க கிளையன்ட் ஒருத்தர் குடோன்ல அப்படி வந்த சரக்கு நிறைய இருந்துச்சு.

உறையூர் வாசி, திருச்சி

தொழில்நுட்பம் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் விடுதிப் பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் கம்பெனியில் நான் நிர்வாகம் பார்க்கிறேன், இருபது பேருக்குக் கொஞ்சம் மேல். எங்களிடமும் இதே மாதிரி இரண்டு பேர் போனார்கள். சம்பளம் குறைவு என்று யாருமே சொல்லவில்லை. ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றார்கள்.

முதலில் நம்பரை மாற்றினோம். ஆபீஸ் பெயரில் ஒரு சிம், ஒரு சாதாரண போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு 'காலை ஒன்பதரைக்குப் பார்க்கிறோம், லைன் நின்றுபோயிருந்தால் மட்டும் இந்த நம்பருக்கு அழையுங்கள்' என்று தானாகப் பதில் போகும்படி அதிலேயே வைக்க முடியும். பழைய குரூப்பைக் கலைத்துவிட்டோம். கிளையன்ட்டுகள் கோபித்துக்கொண்டார்கள், உண்மை. அதை ஜூனியர் பிள்ளைகள் சமாளிக்கக்கூடாது என்று முதலாளியே கரூருக்கும் புதுக்கோட்டைக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இந்த ஒரு காரியத்தை உங்கள் முதலாளி செய்யாவிட்டால் வேறு எதுவும் நிலைக்காது.

அந்த ஆபீஸ் போன் வாரத்துக்கு ஒருவர் கையில் இருக்கும். முதலாளியும் லீடும் அந்த முறையில் உண்டு. ராத்திரி அழைப்பு வந்து வேலை பார்த்தவருக்கு மறுநாள் காலை லீவு, அந்த வாரத்துக்குத் தனியாக ஒரு தொகை. புரோட்டா வாங்கித் தருவது அன்பு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மறுநாள் காலையில் தூக்கம் வேண்டும்.

அடுத்தது கெடு. கூகுள் எதையும் திடீரென்று கேட்கவில்லை. ஆண்ட்ராய்டு 15 வெளிவந்தது 2024 செப்டம்பரில். திரை முழுக்க விரியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 16 கேபி நிபந்தனையை மே மாதமே அறிவித்தார்கள். ஆண்ட்ராய்டு 16 கூட 2025 ஜூனில் வந்துவிட்டது. எங்களிடம் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு ஆள் இந்த வேலையை மட்டும் பார்ப்பார். அதை கிளையன்ட்டின் ஆண்டுப் பராமரிப்புத் தொகையில் தனி வரியாகவே போட்டுக் காட்டுகிறோம், 'பிளே ஸ்டோர் நிபந்தனைப் பணி' என்று. பணம் வாங்கும் வேலை என்று ஆனதும் பகலில் நடக்க ஆரம்பித்தது. இங்கே யாரும் முன்பு இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஏபிஐ 35-ல் திரை விரியாமல் தடுக்க ஸ்டைலில் ஒரு விலக்கு போடலாம். நீங்களும் அதைப் போட்டிருந்தால் கவனம்: 36-ஐ டார்கெட் செய்ததும் ஆண்ட்ராய்டு 16 போன்களில் அது செல்லாது. விண்டோ இன்செட்ஸை (திரையின் மேலும் கீழும் சிஸ்டம் பட்டைகள் எடுக்கும் இடம்) ஒவ்வொரு திரையிலும் ஒழுங்காகக் கையாளுங்கள். ரிலீஸை வியாழன், வெள்ளியில் போடாதீர்கள். முதலில் 10 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு மீதியைத் திறங்கள். பல்லடத்தில் ஒருவர் கத்துவதோடு நின்றிருக்கும், எல்லா லைனும் நிற்காது.

சால்டர் புகை, ஓசூர்

பிரிண்டர் எஸ்டிகேக்குப் பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அதைத் தூக்கிவிடுங்கள். இந்த ரெண்டு இஞ்ச் பிரிண்டர்கள் அநேகமாக எல்லாமே இஎஸ்சி/பிஓஎஸ் என்ற பொதுவான பிரிண்டர் கட்டளை மொழியைத்தான் பேசுகின்றன. புளூடூத்தில் சீரியல் போர்ட் புரொஃபைலில் (பைட்டுகளை வரிசையாக அனுப்பும் முறை) ஒரு சாக்கெட், அதாவது இணைப்பு, திறந்து பைட்டுகளை அனுப்பினால் போதும், கோட்லினிலேயே எழுதலாம், டாட் எஸ்ஓ எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12-லிருந்து புளூடூத் கனெக்ட் அனுமதியைப் பயனரிடம் கேட்க வேண்டும், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

தமிழ் பில்லுக்கு எழுத்தாக அனுப்பாதீர்கள். நான் பார்த்த பிரிண்டர் எதிலும் தமிழ் எழுத்துரு இல்லை, இருப்பதாகச் சொன்ன ஒன்றிலும் 'கொ' மூன்று துண்டாகத்தான் வந்தது. போனிலேயே பில்லை 384 புள்ளி அகலப் படமாக வரையுங்கள். ஆண்ட்ராய்டே எழுத்தைச் சரியாகக் கோத்துக் கொடுத்துவிடும். பிறகு அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட், ஒரு வரிக்கு 48 பைட் என்று, படம் அடிக்கும் 'ஜிஎஸ் வி 0' கட்டளையில் அனுப்புங்கள்.

இதை முடித்ததும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஏபிகே அனலைசரைத் திறந்து லிப் கோப்புறையைப் பாருங்கள். மிச்சம் எந்த எஸ்ஓ 16 கேபிக்கு ஒத்துவரவில்லை என்று அங்கேயே காட்டும். டேட்டாபேஸைப் பூட்டி வைக்கப் பழைய நூலகம் ஏதாவது போட்டிருந்தால் அதுவும் மாட்டும்.

நொய்யல்கரை, கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. திருச்சிக்காரர் எழுதியதை முதலாளியிடம் அப்படியே காட்டினேன். நேரம் எடுத்துப் படித்தார். சிம் வாங்க ஒத்துக்கொண்டார், முதல் வாரம் போனைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வாரத் தனித் தொகை பற்றி இன்னும் பிடிகொடுக்கவில்லை, அதை நான் விடப்போவதில்லை. ஃப்ளட்டர் பேச்சு இப்போதைக்கு நின்றது. யார் ஐபோன் வைத்திருக்கிறார்கள் என்று டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் அவரே கேட்டுப் பார்த்தார், லைனில் ஒருவரும் இல்லை.

எஸ்டிகேயை எடுத்துவிட்டுப் படமாக அனுப்பிப் பார்த்தோம். சின்ன பில் அழகாக வருகிறது, தமிழ் இதுவரை இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. ஆனால் அறுபது அயிட்டம் உள்ள பில் பாதியில் நின்று, அதற்குப் பிறகு கன்னாபின்னா எழுத்தாக ஒரு முழம் ஓடுகிறது. ஒரு பிரிண்டரில் மட்டும்தான். ஏன்?

சால்டர் புகை, ஓசூர்

அந்தப் பிரிண்டரில் நினைவகம் குறைவு. நீளப் படத்தை ஒரே கட்டளையில் கொடுத்தால் நடுவில் சில பைட் விழுந்துவிடும், அதற்குப் பின் வருவதைப் படம் என்று தெரியாமல் எழுத்தாக அடிக்கும். படத்தை நூறு வரிக்கு மேல் போகாமல் துண்டு போடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக 'ஜிஎஸ் வி 0' தலைப்பு வையுங்கள், துண்டுக்கு இடையில் சிறிது நேரம் விடுங்கள். அப்போது ஒன்று கெட்டாலும் அடுத்தது நேராகிவிடும். எவ்வளவு நேரம் என்பதை அந்தப் பிரிண்டரை வைத்தே பிடிக்க வேண்டும். சோதனையைச் சார்ஜ் குறைந்த பிரிண்டரில் செய்யுங்கள், சாயங்காலம் லைனில் அது அப்படித்தான் இருக்கும். மேலே கம்பெனி லோகோ கறுப்பாக அடைத்து இருந்தால் வெளிக்கோடு மட்டும் வருகிற மாதிரி மாற்றிவிடுங்கள், கரண்ட் இழுத்து முதலில் நிற்பது அந்த இடத்தில்தான்.