உதவி தேவை: அப்பாவின் 1987 கேசட்டில் ஒலி மந்தம், பி பக்கத்தில் சுருதி ஏறிக்கொண்டே போகிறது

செம்பூர்க்காரி (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். கேசட் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

அப்பா 1987ல் திருநெல்வேலியில் இருந்து மும்பைக்கு எடுத்து வந்த சி-90 கேசட் இது. ஏ பக்கம், டவுனில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய பாட்டுகள். எல்லாம் எல்பியில் இருந்து எடுத்தவை. கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சியதால் இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ ஆல்பத்தில் இருந்து ஒரு துண்டை கடைக்காரரே போட்டிருக்கிறார். பி பக்கம்தான் முக்கியம். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அப்பாவே டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்த நாகஸ்வரம். முதலில் மல்லாரி, அப்புறம் நீளமாகத் தோடி ராகம். வாசித்தவர் பெயர் அப்பாவுக்கு இப்போது நினைவில்லை.

கேசட்டை வால்க்மேன் மாதிரி இருக்கும் ஒரு யூஎஸ்பி கன்வர்ட்டரில் போட்டேன். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது போலக் கேட்கிறது. சித்தப்பா வீட்டுப் பழைய கேசட் டெக்கை இறக்கி லேப்டாப்பில் சொருகினேன். சத்தம் பெரிதானதே தவிர மந்தம் போகவில்லை, அதுவும் எல்லாம் ஒரே காதில். இரண்டு பக்கமும் இதே கதை. இது போதாதென்று அப்பா பி பக்கத்தைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “சுருதி ஏறுது. அந்த ஆள் அப்படி வாசிக்கிறவர் இல்லை, நீ என்னமோ கெடுத்துட்டே” என்கிறார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர் காதைச் சந்தேகப்பட எனக்குத் தைரியம் இல்லை.

நாடா செத்துவிட்டதா, இல்லை காப்பாற்றலாமா?

தாராவி_டூஇன்ஒன் (ஞாயிறு, இரவு 10.15)

அக்கா, ரெக்கார்டிங் சென்டர் என்றதும் மனசு எங்கேயோ போய்விட்டது. எங்கள் கடைக்காரர் பாட்டுப் பட்டியலைப் பச்சை மையில் எழுதி, பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஓடும் என்று கணக்குப் போட்டு, நாம் கேட்காத பாட்டு ஒன்றைக் கடைசியில் சொருகிவிடுவார். அந்தக் கேட்காத பாட்டுதான் பிறகு வருஷக்கணக்கில் பிடித்த பாட்டாகிவிடும்.

உங்கள் பிரச்சினைக்கு: கேசட்டை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிலர் ஓவனில் லேசாகச் சூடு காட்டுவார்கள், அதுவும் கேட்கும் என்று கேள்வி.

லேமிங்டன்ரோடு (ஞாயிறு, இரவு 10.50)

தம்பி, தயவுசெய்து. ஓவன் வைத்தியம் ஸ்டுடியோ ரீல் நாடாவுக்கு. சில வகை ரீலில் காந்தப் பொடியை ஒட்டவைக்கும் பசை ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும், அதைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்துவார்கள். கேசட்டை உள்ளே வைத்தால் ஓடு வளைந்து, நாடா வெளியே வரவே வராது. ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுத்தால் நம்ம ஊர்க் காற்றுக்கு அதன் மேல் தண்ணீர்தான் கோக்கும்.

சகோதரி, இன்னொரு தடவை ஓட்டுவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? அடிப்பக்கத் திறப்பில், நடுவில், செம்புப் பட்டை மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா, விழுந்துவிட்டதா? ஓட்டில் திருகாணி இருக்கிறதா, ஒட்டிய ஓடா?

செம்பூர்க்காரி (திங்கள், காலை 7.20)

வெள்ளைப் பொடி இருக்கிறது, ஓரத்தில் நிலா மாதிரி ஒரு வளைவு. கம்பளித் துண்டு இருக்கிறது. ஐந்து திருகாணி. ஒவ்வொரு மழைக்கும் அலமாரியே பூத்துப்போகிற வீடு எங்களுடையது, இதில் கேசட் மட்டும் எப்படித் தப்பும்.

லேமிங்டன்ரோடு (திங்கள், காலை 11.05)

அது பூஞ்சை. ஓட்டாதீர்கள். ஓட்டினால் டெக்கின் தலையில் (நாடாவை உரசி ஒலியைப் படிக்கும் பகுதி) அப்பி, அடுத்து போடுகிற கேசட்டுக்கும் போகும்.

கேசட்டை ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் போட்டு வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சை அடங்கி, உதிர்கிற பொடியாகிவிடும். அப்புறம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஜன்னல் திறந்த அறையில் திருகாணியைக் கழற்றுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று முதலில் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் கோக்கும்போது அழுகை வரும். சுருளின் ஓரத்தை மட்டும் மிருதுவான உலர்ந்த பிரஷால் துடைத்துவிட்டு வேறு ஒரு நல்ல ஓட்டுக்குள் மாற்றுங்கள். டெக்கின் தலையையும் உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு தொட்டுத் துடையுங்கள். நாடாவில் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஒரு காது விஷயம் சுலபம். லேப்டாப்பின் ஒற்றைத் துளை ஹெட்செட் மைக்குக்கானது. அது ஒரு சானலைத்தான் எடுக்கும், அதையும் பெருக்கிக் கரகரக்க வைக்கும். லைன்-இன் (டெக்கின் ஒலியை இரு சானலாக எடுக்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். கிரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டில் நடந்தால் கிடைக்கும். கூடவே டெக்குக்கு பெல்ட்டும் மாற்றிவிடுங்கள், பழைய ரப்பர் இந்நேரம் தார் மாதிரி ஆகியிருக்கும்.

சி90_பிரியன் (திங்கள், மதியம் 1.30)

எனக்கு ஒரு கேள்வி. ஏ பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு? அந்தப் பாட்டெல்லாம் செயலிகளில் சுத்தமாகக் கிடைக்கிறதே.

செம்பூர்க்காரி (திங்கள், இரவு 8.45)

கிடைக்கிறது. ஆனால் மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான்காவது எது வர வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செயலியில் அந்த நான்காவது வருவதில்லை. ஐந்தாவது பாட்டில் ஊசி ஒரு இடத்தில் துள்ளும். இப்போது வானொலியில் அந்தப் பாட்டு வந்தாலும் என் தலை அந்த இடத்தில் துள்ளுகிறது.

லேமிங்டன்ரோடு (அடுத்த திங்கள், இரவு 9.10)

உலர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது மந்தத்துக்கு வருவோம். நாடா சாகவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். தலையின் சாய்வுதான் தப்பு. இதற்கு அஜிமுத் என்று பேர்.

கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. கணக்குப் போட்டால், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவில் 5 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பதிந்த மெஷினின் தலை ஒரு கோணத்தில் நின்று, ஓட்டுகிற மெஷினின் தலை மயிரிழை சாய்ந்து நின்றால், அந்த மெல்லிய அலைகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தாளத்தின் ‘சிங்’ போய்விடும், கட்டைக் குரல் மட்டும் மிஞ்சும். நீங்கள் சொன்ன சாத்திய கதவு அதுதான்.

கேசட் கதவின் முகப்பைக் கழற்றிவிட்டு பிளே அழுத்தினால் தலையின் இரு பக்கமும் திருகாணி தெரியும். அடியில் ஸ்பிரிங் உள்ளது, பெரும்பாலும் பெயின்ட் பொட்டு வைத்திருப்பார்கள், அதுதான். முதலில் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை மோனோவாக்கி (இரண்டு சானலையும் ஒன்றாகச் சேர்த்து) ஹெட்போனில் கேட்டபடி கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். இரைச்சல் எங்கே மிகவும் கூர்மையாக ‘ஸ்ஸ்’ என்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஏ பக்கம் கடையின் டெக், பி பக்கம் உங்கள் அப்பாவின் டூ-இன்-ஒன். கேசட் ஒன்றுதான், அதில் இரண்டு மெஷினின் கோணம் இருக்கிறது.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை ஜிபி வரும், வரட்டும். இரைச்சல் நீக்குகிற பொத்தானை இந்த மூலக்கோப்பில் தொடவே தொடாதீர்கள்.

செம்பூர்க்காரி (புதன், இரவு 11.25)

சார்! கதவு திறந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏ பக்கத்துக்கு அரைக்கால் சுற்றுதான் திருப்பினேன், திடீரென்று வயலினில் வில் உராய்வது கேட்கிறது. பி பக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டியிருந்தது. தவிலுக்குப் பின்னால் யாரோ குழந்தையை அதட்டுவதுகூடக் கேட்கிறது.

ஆனால் சுருதி இன்னும் ஏறுகிறது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

சி90_பிரியன் (வியாழன், காலை 8.00)

வேகம் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கரண்டில் ஓடிய மெஷினில் பதிந்திருந்தால் அடியில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிந்திருக்கும். ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். 51.5ல் நின்றால் 3 சதவீதம் வேகம்.

பாரி_திமிரி (வியாழன், காலை 9.35)

50ஐக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அந்தக் காலத்து மின்சாரத்தில் 50 என்பது பேருக்குத்தான், அடிக்கடி கீழே இறங்கிக் கிடக்கும். ஏ பக்கத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் கேசட்டிலேயே இருக்கிறது. அந்த இளையராஜா துண்டு. 1986 ஆல்பம், அதிகாரபூர்வப் பதிப்பு கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிட்டால் போதும்.

பி பக்கத்துக்கு ஒரு கேள்வி. கோயிலில் அப்பா பிளக் எங்கே சொருகினார்?

செம்பூர்க்காரி (வியாழன், மதியம் 2.10)

அப்பாவிடமே கேட்டேன். பிளக்கா, அது தெருமுனை, பெரிய செல் ஆறு போட்டுத்தான் கொண்டு போனேன் என்கிறார். அதுவும் புது செல் இல்லை, ஒரு வாரமாக ரேடியோ கேட்ட செல்.

பாரி_திமிரி (வியாழன், மதியம் 2.40)

அகப்பட்டது! பதியும்போது செல் இறங்க இறங்க மோட்டார் தளர்ந்திருக்கிறது. நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் ஒலி வேகமாகவும் உயரமாகவும்தான் வரும். கேசட் போகப் போகச் செல் தீர்ந்தது, சுருதி ஏறியது. உங்கள் மேலும் தப்பில்லை, வித்வான் மேலும் தப்பில்லை.

சுருதிப்பெட்டி பின்னால் விடாமல் ஒலிக்கிறதா? அதன் ஸட்ஜத்தை (‘ஸ’ என்கிற ஆதார சுரம்) ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து போடுங்கள். அது வாசிப்பில் மாறவே மாறாது, அதனால் அது ஏறுகிற அளவுதான் மெஷினின் தவறு.

செம்பூர்க்காரி (வியாழன், இரவு 10.30)

தொடக்கத்தில் 314 ஹெர்ட்ஸ். பத்தாவது நிமிடத்தில் 315. முப்பதில் 319. நாற்பதில் 326. முடிவில் 333.

பாரி_திமிரி (வெள்ளி, காலை 6.50)

அழகான கணக்கு. சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், அரைக் கட்டை ஏறினால் சுமார் 6 சதவீதம். 314ல் இருந்து 333க்கு ஏறியது ஏறக்குறைய அதே. பாரி என்கிற நீளமான நாகஸ்வரம் பெரும்பாலும் 2, இரண்டரைக் கட்டையில் இருக்கும். இரண்டரை என்றால் 311 ஹெர்ட்ஸ். தொடக்கத்திலேயே ஒரு சதவீதம் ஏறியிருக்கிறது என்றால், செல் அப்போதே கொஞ்சம் தளர்ச்சி. பொருந்தி வருகிறது.

ஆடாசிட்டியில் டைம் டிராக் (வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கோடு) சேர்த்து, தொடக்கத்தில் 99 சதவீதம், முடிவில் 93.4 என்று புள்ளி வையுங்கள். நேர்கோடு போடாதீர்கள். செல் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் வேகமாக இறங்கியிருக்கிறது, உங்கள் எண்களே சொல்கின்றன. நடுவில் அளந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி. மூலக்கோப்பில் அல்ல, நகலில்.

அந்தத் தோடியைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்குமா?

செம்பூர்க்காரி (ஞாயிறு, மாலை 6.15)

முடிந்தது. நான் எதுவும் சொல்லாமல் ஓடவிட்டேன். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, “இதுதான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரவு திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார்.

பாரி_திமிரி, தோடியை உங்களுக்குத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொதுவில் ஏற்றுவதற்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். வாசித்தவர் யார் என்று ஊரில் சித்தப்பா விசாரிக்கிறார். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் போகட்டும்.

இப்போது புதுப் பிரச்சினை. எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை ஒரு கேசட்டில் பதிந்து கொடு என்கிறார். பதியாத சி-90க்கு மும்பையில் எங்கே போவது?

தாராவி_டூஇன்ஒன் (ஞாயிறு, மாலை 6.40)

அக்கா, சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் பழைய சரக்கு கிடைக்கும். உறை பிரிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். இந்த தடவை நான் சொல்வது சரிதானே லேமிங்டன் அண்ணா?

லேமிங்டன்ரோடு (ஞாயிறு, இரவு 7.30)

சரிதான். பதிவதற்கு முன் முழுவதும் ஒரு தடவை முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், வருஷக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்திருக்கும். பதிந்து முடித்ததும் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். வீட்டில் யாராவது மேலே வேறு எதையாவது பதிந்து தொலைக்கப் போகிறார்கள்.