தாத்தாவின் பி.எஸ்.ஏ.வும் சித்தப்பாவின் இடுப்பும்

சித்தப்பா: இன்று அப்பாவின் பழைய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளில் 40 கிலோமீட்டர் போய்வந்தேன். இன்ஜின் தங்கம். சீட்தான் பகை. இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப் போய்விட்டது. நாளைக்கே 2 அங்குல ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துவிடப் போகிறேன்.

அத்தை: அப்பா அதே சீட்டில் முப்பது வருடம் உட்கார்ந்தார். ஒரு நாளும் முனகியதில்லை.

கவிதா: தாத்தா 90 கிலோ, அத்தை. அப்பா 62.

பெரியப்பா: ஸ்பாஞ்ச் எல்லாம் வேண்டாம். எம்20-க்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. பள்ளத்தில் விழும் அடியை வாங்க, டயரை விட்டால் சீட்டுக்குக் கீழே உள்ள இரண்டு ஸ்பிரிங்தான். அவை அசையாவிட்டால் மேலே மெத்தையே போட்டாலும் வலிக்கும். ஸ்பிரிங் உயரம் வெறும் சீட்டில் எவ்வளவு, நீ உட்கார்ந்தால் எவ்வளவு? அளந்து சொல்.

கவிதா: வெறும் சீட் 110 மி.மீ. அப்பா உட்கார்ந்தால் 106.

பெரியப்பா: நாலே மில்லிமீட்டரா? அது ஸ்பிரிங்கின் குற்றம் இல்லை, எங்கோ பிடிக்கிறது. சீட்டின் மூக்கை, அதாவது முன்முனையை, வண்டியோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்று.

சித்தப்பா: 📷 கழற்றிவிட்டேன் அண்ணா. ஸ்பேனர்மேல் ஏறி நிற்காத குறைதான்.

பெரியப்பா: போல்ட்டைச் சுற்றி ஒரு சிறு குழல் இருக்க வேண்டுமே, எங்கே?

சித்தப்பா: குழலா? போல்ட் மட்டும்தான் இருந்தது.

பெரியப்பா: அதுதானே பார்த்தேன். அந்த இடம் கதவுக் கீல் மாதிரி. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் குழலைத்தான் இறுக்கும். சீட்டின் இரண்டு காதுகளும், அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள தகடுகளும், அதன்மேல் தாராளமாக ஆடும். யாரோ குழலைத் தொலைத்துவிட்டுக் காதுகளையே சேர்த்து நெரித்திருக்கிறார்கள்.

அத்தை: யாரோ இல்லை. பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றி மாட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: சரி, விடு. காதுகளின் அகலத்தைவிட அரை மில்லிமீட்டர் நீளமாக ஒரு குழல் வெட்டிப் போடு. உள்ளும் புறமும் கிரீஸ் தடவு. தானாகக் கழலாத லாக் நட் மாட்டு.

*ஞாயிறு*

கவிதா: குழல் போட்டாயிற்று. உட்கார்ந்தால் 96. அதாவது 14 மி.மீ. இறங்குகிறது!

சித்தப்பா: பாதி வலி போய்விட்டது. ஆனால் பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு டாங்கில் போய் இடிக்கிறேன். மணிக்கட்டும் வலிக்கிறது.

பெரியப்பா: சீட்டின் பின்பக்கம் இன்னும் தூக்கி நிற்கிறது. உடம்பு முன்னால் சரிய, பாரம் கையில் விழுகிறது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளை எல்லாம் கூட்டினால் எவ்வளவு வரும்?

கவிதா: 60 மி.மீ. கம்பித் தடிமன் 6.

பெரியப்பா: உட்காரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு, 20 இறங்கினால் போதும். மீதி பள்ளத்துக்கு. அதே விட்டம், அதே சுற்று, கம்பி மட்டும் 5.5. அப்படி இரண்டு சுற்றித்தரச் சொல்.

சித்தப்பா: அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது?

நான்: நிறைய வரும் சித்தப்பா. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 5.5-ஐ 6-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் ஏறத்தாழ 0.7. முப்பது விழுக்காடு இளகிவிடும். 14-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள்.

கவிதா: சரியாக 20!

அத்தை: இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டிருக்கலாம்.

பெரியப்பா: மாட்டியதும் மட்கார்டின் மேல், சீட்டுக்கு நேர் கீழே ஒரு களிமண் உருண்டை ஒட்டிவிட்டு மோசமான சாலையில் போய் வா. அப்பளமாகி இருந்தால் சீட் தட்டுகிறது என்று அர்த்தம்.

*அடுத்த வாரம்*

கவிதா: 📷 புது ஸ்பிரிங்கில் 19 மி.மீ. இறங்குகிறது. அப்பா உட்கார்ந்திருக்கும்போதே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சீட் சமமாக நிற்கிறது. களிமண் நசுங்கியும் 8 மி.மீ. மிச்சம்.

சித்தப்பா: 60 கிலோமீட்டர் போய்வந்தேன். இறங்கியதும் நேராக நடந்தேன், அக்கா சாட்சி.

அத்தை: நடந்தான். டாங்கில் இடித்ததாகப் புகாரும் இல்லை.

சித்தப்பா: பழைய ஸ்பிரிங் இரண்டையும் பழைய இரும்போடு போட்டுவிடட்டுமா அண்ணா?

பெரியப்பா: போடாதே. எண்ணெய் தடவிப் பத்திரமாக வை. அடுத்த மாதம் நான் வருகிறேன். என் எடை 88.