11 வாரப் பூனைக்குட்டியைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் பூனைக்குட்டிக்கு இப்போது 11 வாரம் ஆகிறது. எங்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டாலும், வெளியாள் யாராவது வந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அவர்கள் போன பிறகும் வெகுநேரம் வெளியே வருவதில்லை. குட்டிகளுக்கான பழக்க வகுப்பில் சேர்க்கும்படி கால்நடை மருத்துவர் சொல்கிறார். இதுவரை ஒரு தடுப்பூசிதான் போட்டிருக்கிறோம். நாய்க்குட்டிக்கு வகுப்பு என்றால் புரிகிறது. பூனைக்கு அதனால் என்ன பயன்?

பதில் 1:
பூனை மனிதரிடம் எளிதில் பழகும் பருவம் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ ஏழாம் வாரத்தோடு முடிந்துவிடுவதால், உங்கள் குட்டிக்கு இனிக் கொஞ்சம் கூடுதல் பொறுமை தேவைப்படும். காலம் கடந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இவ்வகுப்புகளில் பொதுவாக 8 முதல் 14 வாரம் வரையுள்ள குட்டிகளையே சேர்க்கிறார்கள். அதற்கு மேல் வளர்ந்தவை விளையாட்டை விட்டுச் சண்டையில் இறங்கிவிடக்கூடும். முதல் ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். பூனைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய பான்லூகோபீனியா என்ற தொற்றுநோயின் கிருமி தரையிலும் பொருள்களிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புக்கும் சாகாது. ஆகவே, இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்கிறார்களா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள்.

பதில் 2:
வகுப்பின் உண்மையான பயன் மற்ற குட்டிகளோடு விளையாடுவதைவிட, பூனையை வெளியே தூக்கிச் செல்லும் கூடைக்குள் அமைதியாகப் போய்வரவும், அறிமுகமில்லாத கை காதையும் பாதத்தையும் தொடும்போது பதறாமல் இருக்கவும் கற்பதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். கூடையை மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் எடுத்ததால், அதைக் கண்டாலே என் முதல் பூனை அலமாரியின் உச்சிக்கு ஏறிவிடும். இரண்டாவது குட்டிக்கு மேல்மூடியைக் கழற்றி, அது படுத்துப் பழகிய துண்டை உள்ளே விரித்து, கூடத்திலேயே விட்டுவைத்தேன். மூன்றாம் நாள் இரவு, ஒரு பாதம் விளிம்புக்கு வெளியே தொங்க, அதற்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று, விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். குட்டியின் கடி இன்று கூச்சமாக இருக்கும், ஓராண்டு கழித்து இரத்தம் வரும்.

பதில் 3:
மேலே சொன்னவை சரியே. ஆனால் ஒளிந்துகொள்ளும் குட்டியை நேராகக் கூட்டத்துக்குள் கொண்டுபோவதற்கு முன், ஒருவரை மட்டும் வீட்டுக்கு அழைத்துப் பாருங்கள். அவர் தரையில் உட்கார்ந்து, குட்டியை உற்றுப் பார்க்காமல், அதற்குப் பிடித்த உணவைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருக்கட்டும். அது தானாக வந்து கையை முகர்ந்த பிறகே தொடலாம். வகுப்பிலும் காதைப் பின்னுக்கு மடித்துப் பதுங்கினால் இழுத்து நடுவில் விடாமல், கூடைக்குள்ளிருந்தே பார்க்க விடுங்கள்.