1942 ஏப்ரலில் வங்கக் கடலுக்கு வந்த ஜப்பானியத் தளபதி யார்?

கோத்தகிரி மாணவி:
கல்லூரிக் கருத்தரங்கில் இரண்டாம் உலகப் போரும் சென்னை மாகாணமும் பற்றிப் பேச வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் குடியிருந்ததாகப் பாட்டி சொல்வார். அந்தக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் நகுமோ என்று ஒரு புத்தகத்திலும், ஒசாவா என்று இன்னொன்றிலும் இருக்கிறது. எது சரி?

அருவங்காடு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
இரண்டும் சரிதான் அம்மா. வந்தவை இரண்டு படைகள். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த நகுமோ ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கினார். வங்கக் கடலுக்குள் புகுந்தவர் ஜிசபுரோ ஒசாவா. அவரிடம் ரியூஜோ என்ற சிறிய விமானந்தாங்கிக் கப்பலும் சில போர்க்கப்பல்களுமே இருந்தன. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசியவை ரியூஜோவின் விமானங்கள். சில நாட்களில் 20க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை அவருடைய படை மூழ்கடித்தது.

பலர் நகுமோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒசாவாவின் கதையில்தான் அந்தக் கடற்படையின் நோய் தெரிகிறது. 1886இல் மியாசாகி மாவட்டத்தில் பிறந்தவர். விமானந்தாங்கிக் கப்பல்களைப் பிரித்துப் பிரித்து வைக்காமல் ஒரே படையாகத் திரட்ட வேண்டும் என்று 1940இல் வற்புறுத்தியவர் அவர். 1941இல் அந்தப் படை உருவானது. தலைமையோ, விமானப் போரில் அனுபவமில்லாத நகுமோவுக்குப் போனது. காரணம் பணிமூப்பு. கடற்படைக் கல்லூரியில் நகுமோ ஓராண்டு மூத்தவர், அவ்வளவுதான்!

1942 நவம்பரில் ஒசாவா கைக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது அமெரிக்காவோடு நடந்த மிட்வே போரில் நான்கு பெரிய விமானந்தாங்கிக் கப்பல்கள் போய்விட்டன. தேர்ந்த விமானிகளும் குறைந்துகொண்டே போனார்கள். 1944 ஜூனில் பிலிப்பைன் கடலில் அமெரிக்கர்களோடு நடந்த போருக்கு அவர் வகுத்த திட்டம் நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். ஜப்பானிய விமானங்கள் அதிக தூரம் பறக்கக்கூடியவை. அதனால் எதிரிக்கு எட்டாத தொலைவிலிருந்து முதலில் அடிக்கலாம். ஆனால் ஓட்டியவர்களில் பலர் அரைகுறைப் பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதற்கு முன் படை தங்கியிருந்த, பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள தாவி-தாவித் தீவில் அவர்கள் பயிற்சி எடுக்க ஓடுதளம்கூட இல்லை. கப்பல்களைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, வெளியே அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்தன. முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்தன. அவருடைய தலைமைக் கப்பலான தைஹோ ஒரே ஒரு டார்பிடோ பட்டு, உள்ளே பரவிய எரிபொருள் ஆவி வெடித்து மூழ்கியது. ராஜினாமா செய்ய முன்வந்தார், ஏற்கப்படவில்லை.

குன்னூர், முன்னாள் வணிகக் கப்பல் மாலுமி:
ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரக்குக் கப்பல்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் கரி அள்ளிப் போட்டவர்களில் பலர் நம் நாட்டவர்கள். ஆயுதம் ஏந்தாதவர்கள். கருத்தரங்கில் தளபதியின் பெயரோடு அவர்களையும் சொல்ல வேண்டும். இன்னொன்று: 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் நடந்த லெய்ட்டே போரில் அமெரிக்கப் படையைத் திசைதிருப்ப, இதே ஒசாவா ஏறக்குறைய வெறுமையான நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இரையாக நிறுத்தினார். திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தே ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துப்போவதை என்னால் பாராட்ட முடியாது.

அருவங்காடு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
மாலுமிகளைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம் ஐயா. லெய்ட்டே விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். உயிரைக் கொடுத்தவர்கள் வேலையை முடித்தார்கள். அமெரிக்கத் தளபதி ஹால்சியின் பெரும்படை இரையைத் துரத்தி வடக்கே போனது, லெய்ட்டேக்குப் போகும் வழியான சான் பெர்னார்டினோ நீரிணை காவலின்றித் திறந்து கிடந்தது. அதன் வழியாக இன்னொரு படையோடு வந்த ஜப்பானியத் தளபதி குரிதா, வெற்றி எட்டும் நேரத்தில் திரும்பிப் போய்விட்டார். ஒசாவாவின் நான்கு கப்பல்களும் அக்டோபர் 25 அன்று மூழ்கின. அவற்றில் ஒன்றான சுய்காகு, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஆறில் கடைசியாக மிஞ்சியது. அந்த இழப்பு வீணானதற்கு நான் குரிதாவைத்தான் கேட்பேன்.

கோத்தகிரி மாணவி:
மிக்க நன்றி ஐயா. போருக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

அருவங்காடு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:
1945 மே மாத இறுதியில், ஜப்பானின் முதன்மைப் போர்ப்படையான கூட்டுக் கடற்படையின் கடைசித் தலைமைத் தளபதி ஆனார். அட்மிரல் பதவி உயர்வை மறுத்து, வைஸ் அட்மிரலாகவே பொறுப்பேற்றார். 1966இல் இறந்தார். உன் பேச்சுக்கு வங்கக் கடல் வரைபடம் ஒன்று வரைந்துகொள் அம்மா. நகுமோவின் பாதையைக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஒரு நிறத்திலும், ஒசாவாவின் பாதையை ஆந்திரக் கரைக்கு வேறு நிறத்திலும் காட்டு. நண்பர் சொன்ன வணிகக் கப்பல்களை இரண்டாவது பாதையில் குறித்துவிடு.