கலைச்சொல் விவாதம்: 'ஊற்றுநூல்' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைப்பாத்திரத்தை ஏற்று ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பகடை, நடுவர், பாத்திரத்தாள் ஆகிய சொற்களில் நமக்குள் பெரிய பிணக்கு எழவில்லை. கதை நிகழும் உலகத்துக்கு நான் முன்வைத்த 'திணைக்களம்' மட்டும் இலங்கை நண்பர்களின் சிரிப்போடு விடைபெற்றது. அங்கே அது அரசுத் துறையைக் குறிக்கும் சொல் என்பதை நான் மறந்துவிட்டேன். 'ஆட்டக்களம்' போதும் என்று தீர்மானித்தோம்.

எஞ்சி நிற்பது ஒரே ஒரு சொல். ஒரு விளையாட்டை ஆக்கியவர் எந்த நூல்களைப் படித்து, எந்தத் துறைகளில் மூழ்கி, அதற்கான எண்ணங்களைப் பெற்றாரோ அவற்றைக் குறிக்கும் சொல் நமக்கு வேண்டும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை ஆக்கிய இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், அதற்கென 1979ஆம் ஆண்டு வெளியான நடுவர் கையேட்டின் இறுதியில், 'பின்னிணைப்பு N' என்ற தலைப்பில், தம்மைத் தூண்டிய எழுத்தாளர்களின் பெயர்களை ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியலாகக் கொடுத்தார். அதன்பின் வந்த விதிநூல்கள் பலவற்றிலும் அத்தகைய பட்டியலைக் காண்கிறோம். அதற்குத் தமிழில் என்ன தலைப்பு இடுவது என்பதே இந்த இழையின் கேள்வி.

இதுவரை 'உந்துநூல்', 'முதனூல்', 'மூலநூல்' என்ற மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. முதல் இரண்டையும் விரைவாகக் கடந்துவிடலாம். புத்தகக் கடையில் 'உந்துதல் தரும் நூல்கள்' என்ற பலகையின் கீழ் இருப்பவை, விடியற்காலையில் எழுந்து வாழ்க்கையில் வெல்வது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள். அந்த அடுக்கில் லவ்கிராஃப்டின் திகில் கதைகளை வைத்தால், வாங்கிச் செல்பவரின் நிலை இரங்கத்தக்கது. 'முதனூல்' என்பதற்குத் தொல்காப்பிய மரபியல் 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது' (வினை நீங்கித் தெளிந்த அறிவுடைய முதல்வன் இயற்றியது) என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. மலிவுத்தாள் இதழ்களுக்குச் சொல் எண்ணிக் கூலி பெற்று வாள்வீரர் கதைகள் எழுதிய ராபர்ட் ஹோவர்டை அந்த இருக்கையில் அமர்த்த எனக்கு மனம் வரவில்லை. அவர் கதைகளை விரும்பிப் படிப்பவன் என்றபோதும்.

'மூலநூல்' அப்படித் தள்ளிவிடத்தக்கதன்று. ஆனால் ஒரு நாவல் திரைப்படமாகும்போதோ ஒரு காப்பியம் மொழிபெயர்க்கப்படும்போதோதான் நாம் 'மூலம்' என்கிறோம். அங்கே கதையும் மாந்தரும் நிகழ்ச்சிகளும் ஓரளவேனும் தொடர்ந்து வருகின்றன. பாத்திரமேற்பு விளையாட்டில் கதையை ஆடுபவர்களே அன்றன்று ஆக்கிக்கொள்கிறார்கள். படித்த நூலிலிருந்து விளையாட்டுக்குள் வந்து சேர்வது, பெரும்பாலும், ஒரு விதி.

ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட கதைத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். சூரியன் அணையும் தறுவாயிலுள்ள பூமியில் வாழும் மந்திரவாதிகள், ஒரே நேரத்தில் ஒருசில மந்திரங்களை மட்டுமே மனத்தில் இருத்த வல்லவர்கள். சொல்லி முடித்த கணத்தில் அந்த மந்திரம் நினைவிலிருந்து அழிந்துபோகும். கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வான்ஸின் உலகத்தை விட்டுவிட்டது. நெருப்பை ஏவும் மந்திரமா, கதவைத் திறக்கும் மந்திரமா, எதை மனத்தில் ஏற்றிக்கொண்டு குகைக்குள் இறங்குவது என்று ஆடுபவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வான்ஸிடம் நடையழகாக நின்றது இங்கே கையிருப்புக் கணக்காயிற்று. நன்றிக்கடனாக வான்ஸின் பெயரிலுள்ள ஐந்து உரோமன் எழுத்துகளையும் இடம் மாற்றி 'வெக்னா' (Vance, Vecna) என்றொரு மந்திரவாதியை அந்த விளையாட்டு படைத்துக்கொண்டது. தமிழில் எழுதினால் இந்தக் குறும்பு கண்ணுக்குத் தெரியாது.

போல் ஆண்டர்சன் (Poul Anderson) எழுதிய நாவலில் வெட்டுண்ட உறுப்புகள் மீண்டும் அசையும் 'டிரால்' என்ற அரக்கன் வருகிறான். நெருப்பு ஒன்றே அவனை முடிக்கும். விளையாட்டில் அவன், ஆட்டச்சுற்றுதோறும் திரும்பப் பெறும் உயிர்ப்புள்ளிகளாகவும் தீயால் பட்ட காயம் ஆறாது என்ற விதிவிலக்காகவும் வந்து சேர்ந்தான். எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. டோல்கீனின் படைப்புகளுக்கு வணிக உரிமை பெற்றிருந்த நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 'ஹாபிட்' என்ற பெயர் 'ஹாஃப்லிங்' என்று மாறியது, 'பால்ராக்' என்ற அரக்கன் நீக்கப்பட்டான். பெயர்கள் போன பிறகும் குள்ள உருவத்தினரான அந்த இனத்தின் விதிகள் அப்படியே நின்றன. பெயரைப் பிடுங்கினாலும் ஆட்டம் குலையாத ஓர் உறவுக்கு 'மூலம்' என்ற சொல் மிகையாகவே தோன்றுகிறது.

வரலாற்றிலிருந்து பெற்றதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தம் தந்தையின் முயற்சியைத் திருத்தி அமைத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில், 1:8000 அளவிலான வரைபடம் விரிக்கப்பட்டது. ஒரு சுற்று இரண்டு நிமிடப் போருக்குச் சமம். ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். அவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, அந்தந்தத் தளபதியின் கண்ணுக்கு எட்டக்கூடியதை மட்டும் திருப்பிச் சொல்வார். அட்டவணைகள் தரும் சுமை மிகுதி என்று கண்ட வெர்டி து வெர்நுவா என்ற தளபதி 1876இல் அவற்றை விலக்கி, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்றார். அமெரிக்காவில் 1880இல் டாட்டன் என்ற படை அதிகாரி எழுதிய கையேடு, பல பத்தாண்டுகளுக்குப் பின் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. விதியில் சொல்லாத செயலையும் ஆடுபவர் முயலலாம், நடுவர் தீர்ப்பளிப்பார் என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்து பெற்றார். 1960களின் இறுதியில், படைகளை விட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு தனி மனிதரையும் அவருக்கொரு நோக்கத்தையும் கொடுத்து அவர் நடத்திய ஆட்டத்தில் ஆர்னசனும் இருந்தார். இன்று நடுவர் என்ற ஒருவர் மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருப்பதன் வரலாறு இது. இதில் எந்த நூலை எதற்கு 'மூலம்' என்பது?

ஆகவே 'ஊற்றுநூல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். கோடையில் ஆற்று மணலைத் தோண்டி நீர் எடுத்தவர்களுக்கு இதன் பொருத்தம் புரியும். அந்த நீர் ஆற்றின் நீர்தான், ஆயினும் மணல் வழியே கசிந்து தெளிந்து வருகிறது. தோண்டும் இடத்துக்கேற்ப அளவும் சுவையும் மாறுகின்றன. பட்டியலுக்கு 'ஊற்றுநூற் பட்டியல்' என்று தலைப்பிடலாம். தங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

ஐயாவுக்கு வணக்கம்.

> ஆகவே 'ஊற்றுநூல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று தடைகள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது இலக்கணம் பற்றியது. 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்ற குறளில் வரும் 'ஊறு' தொடுபுலனைக் குறிப்பது. அது தொகையில் 'ஊற்று' என்று இரட்டிக்கும். 'ஊற்றுணர்ச்சி' என்பது தொட்டறியும் உணர்ச்சி. 'ஊற்றுநூல்' என்பதைப் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் நூல் என்று ஒருவர் பொருள்கொண்டால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

இரண்டாவது, எங்கள் இலங்கையில் வரலாற்றுப் பாடநூல்கள் 'மூலாதாரம்' என்ற சொல்லை நீண்ட காலமாக ஆண்டு வருகின்றன. இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று பிள்ளைகள் பள்ளியிலேயே எழுதுகிறார்கள். பழகிய சொல் இருக்கப் புதியது எதற்கு?

மூன்றாவதுதான் என் மனத்தில் உறுத்துவது. நீங்கள் நூல்களையே பேசுகிறீர்கள். அறிவியலை எங்கே வைப்பீர்கள்? நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் கிரேக்க வடிவியலின் ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் அல்லவா? மார்க் மில்லர் 1977இல் வெளியிட்ட 'டிராவலர்' விண்வெளி விளையாட்டில், ஒரு கோளின் பருமன், வளிமண்டலம், நீர்ப்பரப்பு ஆகியவற்றைப் பகடை உருட்டி முடிவு செய்கிறோம். முந்திய எண் பிந்திய எண்ணைக் கட்டுப்படுத்துகிறது, சிறிய கோளுக்குத் தடித்த வளி எளிதில் அமைவதில்லை. இதற்கு ஊற்று ஈர்ப்பு விசை பற்றிய அறிவேயன்றி ஒரு நூல் அன்று.

*

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

மூன்றாவது தடையை முழுமையாக ஏற்கிறேன். அதை ஏற்றதும் முதலாவது தானே தீர்ந்துவிடுகிறது. பொதுச்சொல் 'ஊற்றுக்கண்' என்று இருக்கட்டும். நீர் சுரக்கும் துளையைக் குறிக்க எல்லோரும் அறிந்த சொல் அது. தொடுபுலனோடு யாரும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். நூலாகவும் இருக்கலாம், ஒரு காலமாகவும் துறையாகவும் இருக்கலாம்.

'மூலாதாரம்' பற்றி மட்டும் உடன்பட இயலவில்லை. பிள்ளைகள் எழுதும் மூலாதாரத்தைத் தமிழ்நாட்டில் 'சான்று' என்போம். கல்வெட்டும் காசும் வரலாற்றாசிரியரைக் கட்டுப்படுத்துகின்றன. அவற்றை மீறி எழுதினால் அவர் பொய் சொல்கிறார். விளையாட்டை ஆக்கியவருக்கு அந்தக் கட்டு இல்லை. நீங்கள் காட்டிய 'டிராவலர்' விளையாட்டையே பாருங்கள். அதில் விண்மீனிலிருந்து விண்மீனுக்குத் தாவும் கப்பலுக்கு, தாவும் தொலைவு எதுவாயினும், ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கப்பலைவிட விரைவாகச் செய்தி செல்ல வழியே இல்லை. ஆகவே பேரரசின் தலைநகரில் நடப்பது எல்லைக்குத் தெரிய மாதக் கணக்கு ஆகும், எல்லையிலுள்ள ஆளுநர் ஆணைக்குக் காத்திராமல் தாமே முடிவெடுத்தாக வேண்டும், தபால் சுமக்கும் கப்பலுக்கு மதிப்பு உண்டு. பாய்மரக் கப்பல் காலத்துப் பேரரசுகளின் நிலை இது. கோள்களுக்கு வானியலும் அரசியலுக்குக் கடல் வரலாறும் ஊற்றுக்கண்களாக இருக்க, இரண்டுக்கும் விசுவாசமாக இருக்க வேண்டிய கடமை அந்த விளையாட்டுக்கு இல்லை.

ஊற்றுக்கண்ணிலிருந்து வருவது என்ன என்று பிரித்துச் சொல்ல நம் பொருளிலக்கணம் உதவும் என்று தோன்றுகிறது. ஆண்டர்சனின் அரக்கன் கருப்பொருளாக வந்தான். பாய்மரக் காலத்திலிருந்து வந்த தொலைவும் தாமதமும் முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். சாண்டி பீட்டர்சன் 1981இல் ஆக்கிய லவ்கிராஃப்ட் சார்ந்த விளையாட்டில் வந்தது உரிப்பொருள். அதில் பாத்திரங்களுக்கு மனத்தெளிவுப் புள்ளிகள் உண்டு. மறைபொருள் அறிவு கூடக்கூட ஒருவர் எட்டக்கூடிய மனத்தெளிவின் உச்ச அளவு குறைந்துகொண்டே வரும். அறிய அறியப் பேதலிப்பு என்ற அந்தக் கதைகளின் உணர்வு ஒரு கழித்தல் கணக்காகிவிட்டது. லவ்கிராஃப்டின் ஒரு கதையைக்கூடப் படிக்காதவரும் அந்த மேசையில் அமர்ந்தால் அதை உணர்வார். ரைஸ்விட்ஸிடமிருந்து வந்த நடுவரும் பகடையும் இந்த மூன்றிலும் அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றை 'ஆட்டமுறை' என்று தனியே வைக்க வேண்டும்.

நம் குழுமத்துக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதும் தென்னாசியவியலும் கற்பித்த பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர், 1975இல் வெளியான தம் விளையாட்டின் உலகத்துக்கு ஐரோப்பிய இடைக்காலத்தை நாடவில்லை. இந்தியத் துணைக்கண்டம், எகிப்து, நடு அமெரிக்கா ஆகியவற்றின் பழம்பண்பாடுகளை நாடினார். அந்த உலகத்து மக்களுக்கென இலக்கணமும் எழுத்தும் கொண்ட ஒரு மொழியையே அமைத்தார். அங்கே ஊற்றுக்கண் மொழியியல். 'மூலாதாரம்' என்று அதை அழைத்தால், எந்த மொழியிலிருந்து எடுத்தார் என்ற தவறான கேள்வி உடனே எழும்.

மறுப்பு இல்லையெனில் பட்டியலில் கீழ்க்காணுமாறு பதிவு செய்கிறேன்.

ஊற்றுக்கண்: ஒரு விளையாட்டின் விதிகள், ஆட்டக்களம், உணர்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கசிந்து வந்த நூல், காலம் அல்லது துறை. எ-டு: 'டிராவலர் விளையாட்டின் ஊற்றுக்கண்களுள் ஒன்று பாய்மரக் கப்பல் காலம்.'

ஊற்றுநூல்: ஊற்றுக்கண்ணாக அமைந்த நூல். எ-டு: 'இந்த விதிநூலின் இறுதியில் ஊற்றுநூற் பட்டியல் உள்ளது.' தொடுபுலனைக் குறிக்கும் 'ஊற்று' வேறு.