பிளாஸ்க் வேண்டாமாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

செம்பூர் வைத்தி (திங்கள், காலை 6.10)
நேற்று ராத்திரி நம் மும்பைத் தமிழர் குழுவில் நித்யா என்பவர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிறவர்கள் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று. பழைய ரிப்போர்ட், ஆதார், இன்ஷூரன்ஸ் கார்டு, சார்ஜர், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, வழுக்காத செருப்பு. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி: "பிளாஸ்க், தட்டு, டம்ளர் எல்லாம் தூக்கிக்கொண்டு போவது அப்பா காலத்துப் பழக்கம், இப்போது தேவையில்லை." அதைப் படித்தபின் எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்கு 71 வயது. நானே மூன்று முறை வெட்டுப்பட்டவன்: குடலிறக்கம், மூலம், பித்தப்பை. துணைக்கு உட்கார்ந்த ஆபரேஷன்களுக்குக் கணக்கே கிடையாது. எல்லாவற்றுக்கும் கூட வந்தது ஒரே பிளாஸ்க். தேவையில்லை என்று சொல்கிறவர் எத்தனை ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நித்யா, கோரேகாவ் (காலை 8.45)
வைத்தி சார், என் பட்டியலில் 19 பொருள் இருந்தது. உங்கள் கண்ணில் பட்டது அதில் இல்லாத ஒன்று. போன மார்ச்சில் அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன், 5 ராத்திரி கூடவே இருந்தேன். பெஞ்சில் இல்லை, ரூமில் இருக்கும் சோபாவில். வெந்நீர் மாடிக்கு மாடி மெஷினில் வருகிறது. நோயாளிக்கு வெளிச் சாப்பாடு கொடுக்கப் பல இடங்களில் விடுவதே இல்லை, டயட்டீஷியன் எழுதியதுதான் வரும். பிறகு பிளாஸ்க் எதற்கு, அழகுக்கா?

செம்பூர் வைத்தி (காலை 8.52)
சோபாவாம். சரி. 2005 ஜூலை 26 அன்று நீங்கள் எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தீர்கள் அம்மா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. என் மாமியாருக்குக் கர்ப்பப்பை எடுத்து இரண்டாம் நாள். கரண்ட் போயிற்று, லிஃப்ட் நின்றது, கேன்டீன்காரர் குர்லாவைத் தாண்டி வர முடியவில்லை. உங்கள் மெஷின் இருந்திருந்தாலும் ஒரு சொட்டு வந்திருக்காது. காலையில் ஆறரை மணிக்கு என் மனைவி பிளாஸ்க்கில் ஊற்றிய கஞ்சி. ராத்திரி எட்டு மணிக்கு மூடியைத் திறக்கிறேன், ஆவி பறக்கிறது. பக்கத்துப் படுக்கை ஆஜி, மராத்திப் பாட்டி, அவருக்கும் அரை டம்ளர் கொடுத்தோம். அந்த அம்மாள் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். உங்கள் சோபாவை யாராவது ஆசீர்வாதம் பண்ணினார்களா?

தாராவி முருகன் (காலை 9.20)
அண்ணாச்சி, போன வருஷம் இதே கதையை எழுதும்போது கஞ்சி "வெதுவெதுப்பாக" இருந்தது. இப்போது ஆவி பறக்கிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் கொதிக்கும் போலிருக்கிறதே.

டோம்பிவிலி ரமேஷ் (காலை 9.41)
ஐயா, அம்மா, எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வியாழக்கிழமை பித்தப்பை ஆபரேஷன், பரேல் பக்கம். புதன் சாயங்காலமே அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பல்செட் உண்டு. மூக்குத்தி 40 வருஷமாகக் கழற்றாதது, திருகு அசையவே இல்லை. அதைக் கட்டாயம் கழற்ற வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர் வைத்தி (காலை 9.44)
தம்பி ரமேஷ், பித்தப்பை நானே பண்ணிக்கொண்டதுதான், பயப்பட ஒன்றுமில்லை. முதலில் வீட்டில் பிளாஸ்க் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்டெல்லா சிஸ்டர், சயான் (காலை 11.05)
ரமேஷ் தம்பி, 22 வருஷமாக வார்டில் இருப்பவள் சொல்கிறேன். மூக்குத்தி கழல வேண்டும். உள்ளே ரத்தக் கசிவை நிறுத்தக் கரண்டில் சுடும் கருவி ஒன்று வைப்பார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடலாம். மயக்க மருந்துக்காரர்கள் வாயில் குழாய் விடும்போது மூக்குப் பக்கம் எதுவும் தொங்கக் கூடாது என்பதும் இருக்கிறது. இன்றைக்கே நகை ஆசாரியிடம் கூட்டிப் போய்விடுங்கள். தியேட்டர் வாசலில் வைத்து நாங்கள் சோப்புத் தண்ணீர் போட்டு இழுக்கும்படி விடாதீர்கள், அம்மாவுக்கும் வலி, எங்களுக்கும் கஷ்டம். பல்செட்டைக் கழற்றி மூடி போட்ட டப்பாவில் போட்டு, மேலே பேர் எழுதுங்கள். காகிதத்தில் சுற்றி வைத்தால் வார்டு பெருக்கும் மௌஷி குப்பை என்று கூட்டி எடுத்துவிடுவார். நகப்பூச்சு, மருதாணி கூடாது, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப் சரியாகக் காட்டாது. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டு போங்கள். "வெள்ளை மாத்திரை, பாதி உடைத்துப் போடுவாங்க" என்று சொன்னால் எங்களுக்கு என்ன தெரியும்? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று இன்றே டாக்டரைக் கேளுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

செம்பூர் வைத்தி (காலை 11.09)
சிஸ்டர் அருமையாகச் சொன்னார். கவனியுங்கள், இவ்வளவு பெரிய பதிவில் பிளாஸ்க் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நித்யா, கோரேகாவ் (காலை 11.30)
வேண்டும் என்றும் சொல்லவில்லையே சார்!
ரமேஷ், இன்ஷூரன்ஸ் இருந்தால் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் டிபிஏ கவுண்டரில் இன்றே பேப்பர் கொடுத்துவிடுங்கள், புதன் சாயங்காலம் வரை தள்ளாதீர்கள். பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கிறதா பாருங்கள். வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டுமில்லை, பல பாலிசிகளில் டாக்டர் ஃபீஸ் முதற்கொண்டு அதே விகிதத்தில் வெட்டுவார்கள். க்ளவுஸ், மாஸ்க் மாதிரி சில்லறை ஐட்டங்களுக்குக் கையிலிருந்து போகலாம், கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று இன்ஷூரன்ஸ்காரர்கள் 3 மணி நேரத்துக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

செம்பூர் வைத்தி (காலை 11.34)
அந்த 3 மணி நேரம் என்ன குடிப்பீர்கள்? சுற்றறிக்கையையா?

தாராவி முருகன் (காலை 11.40)
இதுக்கு மட்டும் அண்ணாச்சிக்கு ஒரு மார்க்.

மாட்டுங்கா ராஜி (மதியம் 1.15)
சிஸ்டர் உலோகம் என்றதும் ஞாபகம் வந்தது. நித்யாவின் பட்டியலில் "தாலி, மெட்டி உட்பட நகை எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைக்கவும்" என்று சாதாரணமாக எழுதியிருந்தது. தாலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு எந்தப் பொம்பளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்? மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு பிறகு சங்கிலியைக் கழற்றுவது தெரியாதா? மாட்டுங்கா மார்க்கெட்டில் கயிறு கிடைக்கும், கோரேகாவிலும் கிடைக்கும்.

நித்யா, கோரேகாவ் (மதியம் 1.32)
கயிறு கட்டக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன் மாமி? தங்கம் தொலைந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் என்றேன்.

மாட்டுங்கா ராஜி (மதியம் 1.36)
"உட்பட" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

ஸ்டெல்லா சிஸ்டர், சயான் (மதியம் 2.50)
தாலிச் சண்டை இருக்கட்டும். பிளாஸ்க் பற்றி என் பெயரை இழுத்ததால் சொல்கிறேன். நோயாளி கைக்கு எட்டும் இடத்தில் காபி பிளாஸ்க் இருப்பதுதான் எங்களுக்குத் தலைவலி. பால் கலந்த காபி குடித்தால் பொதுவாக 6 மணி நேரம் போக வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்பு வரை சில இடங்களில் விடுவார்கள், அதுவும் டாக்டர் சொன்னால்தான். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விடியற்காலை ஐந்து மணிக்குப் பாசத்தில் "ஒரு வாய்தானே" என்று ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

முலுண்ட் சந்துரு (மதியம் 3.20)
இதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வைத்தி, 2011-இல் உங்கள் மச்சினருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

செம்பூர் வைத்தி (மதியம் 3.22)
சந்துரு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முலுண்ட் சந்துரு (மதியம் 3.31)
நானே சொல்கிறேன். காலை எட்டு மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆறு மணிக்கு இவர் போய் பிளாஸ்க்கைத் திறந்து அந்த மனுஷனுக்குக் காபி கொடுத்திருக்கிறார். மயக்க மருந்து டாக்டர் வந்து "கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டதும் மச்சினர் அப்பாவியாக "அத்திம்பேர் கொடுத்த காபி" என்றார். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. அன்றைக்கு ரத்தம் கொடுக்க வந்து, லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

செம்பூர் வைத்தி (மதியம் 3.40)
அரை டம்ளர். அதுவும் முக்கால்வாசி டிகாக்ஷன். தள்ளிப்போனதற்குக் காரணம் அன்றைக்கு தியேட்டர் காலியில்லை, காபியைச் சாக்காகச் சொன்னார்கள். இதைப் பல தடவை விளக்கியாயிற்று.

முலுண்ட் சந்துரு (மதியம் 3.43)
தபேலாவில், அதுதான் மாட்டுக்கொட்டிலில், கறந்த எருமைப்பால். தோசைக்கரண்டியால் கலக்கலாம், அவ்வளவு கெட்டி. முக்கால்வாசி டிகாக்ஷனாம்.

செம்பூர் வைத்தி (மதியம் 3.50)
காபியைப் பற்றி முலுண்ட்காரர் பேசுகிறார். உங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்ததை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. வடிகட்டிய சிக்கரித் தண்ணீர். தவறு கொடுத்த ஆளுடையது என்றே வைத்துக்கொள்வோம். பிளாஸ்க் என்ன பாவம் செய்தது? காலை மூன்றரைக்குப் போட்ட காபி ஆறு மணிக்கு நாக்கைச் சுட்டது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

தாராவி முருகன் (மாலை 4.05)
ஆபரேஷன் தள்ளிப்போனாலும் பிளாஸ்க் சக்சஸ்!
அது போகட்டும் அண்ணாச்சி, நம் காலனிப் பொங்கல் விழாவுக்கு வாங்கிய இரண்டு பிளாஸ்க் எங்கே? கணக்கில் இருக்கிறது, கப்போர்டில் இல்லை.

செம்பூர் வைத்தி (மாலை 4.11)
முருகன், அந்த வருஷம் பொருளாளர் நான் இல்லை. இதை இங்கே எழுப்பிய நோக்கம் எனக்குத் தெரியும். மைக் செட் விவகாரத்தில் நான் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு பிளாஸ்க்குக்கு வாருங்கள்.

டோம்பிவிலி ரமேஷ் (செவ்வாய், காலை 7.30)
சிஸ்டருக்கு ரொம்ப நன்றி. மூக்குத்தி கழன்றது. ஆசாரி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குறட்டால் திருகைப் பிடித்தார், இரண்டு நிமிஷம்தான். அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோ மாதிரி இருக்கிறேன் என்று அழுதுவிட்டார். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று துடைப்பக் குச்சி வைக்கலாமா என்கிறார், ஆபரேஷன் அன்று காலை எடுத்துவிடுவாராம். இன்னொன்று: கணபதி சமயம், லால்பாக் கணபதியைப் பார்க்க வரும் கூட்டம் பரேல் வரை நிற்கிறது. டோம்பிவிலியிலிருந்து டாக்ஸியா, ரயிலா?

ஸ்டெல்லா சிஸ்டர், சயான் (காலை 7.48)
துடைப்பக் குச்சி வேண்டாம் தம்பி, புண் ஆனால் ஆபரேஷனே தள்ளிப்போகும். ஓரிரு நாளில் துளை தூராது என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

நித்யா, கோரேகாவ் (காலை 8.15)
போகும்போது மதியமே ரயிலில் போய்விடுங்கள், கூட்டம் குறைவு. திரும்பும்போது வண்டி. வயிற்றுக்குக் குறுக்கே சீட் பெல்ட் அழுத்தாமல் நடுவில் வைக்க ஒரு சின்னத் தலையணை எடுத்துக்கொள்ளுங்கள், என் பட்டியலில் 12-வது. உங்களுக்கு ஒரு போர்வை, ஏசி எலும்பைத் துளைக்கும். 7-வது, சூடு தாங்கும் ஸ்டீல் பாட்டில்.

முலுண்ட் சந்துரு (காலை 8.31)
ஒரு நிமிஷம். சூடு தாங்கும் ஸ்டீல் பாட்டில் என்றால் பிளாஸ்க்தானே? இரண்டு நாளாக எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்?

நித்யா, கோரேகாவ் (காலை 8.33)
இல்லை. அது பாட்டில்.

செம்பூர் வைத்தி (காலை 8.34)
இல்லை. அது பாட்டில்.

தாராவி முருகன் (காலை 8.36)
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் ஒரே வார்த்தை பேசிவிட்டார்கள். கணபதி பாப்பா மோரியா!

செம்பூர் வைத்தி (காலை 8.58)
சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் செய்தது இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம், உள்ளே வெள்ளி பூசிய கண்ணாடி. அதுதான் பிளாஸ்க். மூடியைக் கழற்றினால் அதுவே டம்ளர். பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தால் துணைக்கு வந்தவர் எச்சில் நோயாளிக்குப் போகும். ஆஸ்பத்திரியில் இதைவிடக் கேவலம் உண்டா?

முலுண்ட் சந்துரு (காலை 9.02)
டூவர் அதைச் செய்தது வாயுவைக் குளிரவைத்து ஆராய்ச்சி பண்ண. மச்சினருக்குக் காபி கொடுக்க இல்லை.

நித்யா, கோரேகாவ் (காலை 9.10)
அந்தக் கண்ணாடி பிளாஸ்க் கட்டிலிலிருந்து விழுந்தால் வார்டு முழுக்கச் சில்லு. வெறுங்காலோடு பாத்ரூம் போகிறவர்களை யோசித்தீர்களா?

செம்பூர் வைத்தி (காலை 9.13)
என்னுடையது 1987-இல் வாங்கியது. ஒரு தடவை விழுந்தது. பிளாஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆஸ்பத்திரித் தரை ஓடுதான் விரிசல் விட்டது.

மாட்டுங்கா ராஜி (காலை 9.40)
"உட்பட" விஷயத்துக்கு நித்யா இன்னும் பதில் சொல்லவில்லை.

டோம்பிவிலி ரமேஷ் (புதன், காலை 10.20)
இன்னும் சற்று நேரத்தில் கிளம்புகிறோம். பல்செட் டப்பாவில் பேர் எழுதியாயிற்று. மாத்திரை விவரம் டாக்டர் சொல்லிவிட்டார். பையை நேற்று ராத்திரி மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் அம்மா பரணிலிருந்து பழைய பிளாஸ்க்கை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். எனக்குத்தான் என்கிறார், அவருக்கில்லையாம், "ராத்திரி முழிச்சிருக்கிற பையனுக்கு ஒரு வாய் காபி வேண்டாமா" என்று. ஆனால் கார்க் காணவில்லை.

செம்பூர் வைத்தி (காலை 10.21)
பெரியவர்கள் பெரியவர்கள்தான்! வாயின் அகலம் அளந்து சொல்லுங்கள் தம்பி, என்னிடம் மூன்று கார்க் இருக்கிறது. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் நிற்கிறேன்.

நித்யா, கோரேகாவ் (காலை 10.25)
கார்க் வைத்த பிளாஸ்க் இப்போது கடையில் என் கண்ணில் படுவதே இல்லை. அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

செம்பூர் வைத்தி (காலை 10.26)
எதைச் சொன்னீர்கள்? கார்க்கைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம்.