பெரிய செடானை விட்டு ஆல் வீல் டிரைவுக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாய்வுச்சாலை:

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஜெர்மன் சொகுசு செடான். பின்சக்கர டிரைவ், ஆறு சிலிண்டர், ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும்). இன்ஜின் இன்னும் பழைய அமைதியோடு ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ளவைதான் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருக்கின்றன. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மூலை இறங்கிக் கிடக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் உறுமி அதைத் தூக்கி நிறுத்தும். காற்றுப்பையின் ரப்பர் வயதாகி வெடித்துக் கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடி ஓடி கம்ப்ரசரும் சாகும் நிலையில் இருக்கிறது. காரின் மதிப்பு வருஷா வருஷம் இறங்குகிறது, உதிரிபாகத்தின் விலை மட்டும் அது புதுக் காராக இருந்தபோது இருந்த உயரத்திலேயே நிற்கிறது. சொகுசு செடான் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் போட வேண்டிய கணக்கு இது.

ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஆசைக்காக அல்ல. வீட்டுக்கு ஏறும் சாலை செங்குத்து. மழையில் சேறு, குளிர்காலத்தில் உறைபனி. பின்சக்கரம் சுழன்று, டிராக்‌ஷன் கன்ட்ரோல் பவரை வெட்டி, பாதி ஏற்றத்தில் கார் நின்றுபோவது வழக்கமாகிவிட்டது. கூடவே அம்மாவின் முழங்கால். செடானின் பின்சீட்டில் சரிந்து உட்காருவது சுகம்தான், அதிலிருந்து எழுந்து வருவதுதான் பாடு.

சரி, எஸ்யூவி பார்ப்போம் என்று கிளம்பி நிறைய ஓட்டிப் பார்த்தேன். ஒன்று புரிந்தது. உயரமான வண்டி என்றால் தானாகவே சொகுசாக இருக்கும் என்று நினைப்பது தவறு. பல வண்டிகள் என் பழைய செடானைவிட இறுக்கமாகப் போகின்றன. காரணம் எளிது. வண்டி உயர்ந்தால் வளைவில் அதிகம் சாயும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும் ஆன்டி ரோல் பாரையும் கடினமாக்குகிறார்கள். அந்தக் கடினமான பார் இடது வலது சக்கரங்களைப் பிணைத்து வைத்திருப்பதால், ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலும் மொத்த வண்டியும் பக்கவாட்டில் ஆடுகிறது. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறது. நேர்ச்சாலையில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் இது தெரியவே தெரியாது. மோசமான சாலைக்குக் கொண்டுபோய், யாரையாவது ஓட்டச் சொல்லி, நாம் பின்சீட்டில் உட்கார்ந்தால் உடனே தெரியும்.

மாறியவர்கள் சொல்லுங்கள். எதை இழந்தீர்கள், எது கிடைத்தது?

நீளக்கார்:

நண்பரே, உங்கள் நிலையில்தான் நானும் இருந்தேன். நான் எஸ்யூவி பக்கம் போகாமல் உயர்த்திய எஸ்டேட் (டிக்கிக்கு மேலும் கூரை நீளும் கார்) ஒன்றை எடுத்தேன், சுபாரு அவுட்பேக். 90களின் நடுவிலிருந்து வரும் வகை இது. வால்வோ 1997இல் வி70 எக்ஸ்சி கொண்டுவந்தது, கொஞ்ச நாளில் ஆடியின் ஆல்ரோடும் வந்தது. மூன்றும் ஒரே யோசனைதான். காரின் உடல், கொஞ்சம் கூடுதல் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள உயரம்), நான்கு சக்கரத்துக்கும் டிரைவ்.

என் வண்டிக்கு 200 மில்லிமீட்டருக்கு மேல் கிளியரன்ஸ் இருக்கிறது. பல எஸ்யூவிகளே அதற்குக் குறைவு. ஆனால் உட்காரும் உயரம் எஸ்யூவியைவிடத் தாழ்வு, செடானைவிட மேலே. இடுப்பை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினால் சீட்டில் இருப்போம். ஏறவும் வேண்டாம், இறங்கிச் சரியவும் வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பெரிய எஸ்யூவியில் முழங்கால் வலிக்காரர்கள் படும் சிரமம் பலருக்குத் தெரிவதில்லை. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் கால் மடக்கித் தூக்க வேண்டும்.

இழந்தது அமைதி. மறைக்கவில்லை. பழைய செடானில் பக்கக் கண்ணாடியே இரண்டு அடுக்கு லேமினேட் கண்ணாடி, கதவு மூடினால் வெளியுலகம் போய்விடும். இதில் நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் உண்டு. சீட்டும் அந்தத் தரம் இல்லை. ஒரு மாதம் குறைப்பட்டுக்கொண்டேன், அப்புறம் பழகிவிட்டது. மழையில் மலைச்சாலை ஏறும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் தளர்ந்தே இருப்பதைக் கவனித்தேன். அது செடானில் கிடைக்காத சொகுசு.

இன்னொன்று, புதிது வாங்குவதாக இருந்தால்: 2025இல் அறிமுகமான புது அவுட்பேக் எஸ்டேட் வடிவத்தை விட்டு எஸ்யூவி வடிவத்துக்குப் போய்விட்டது. பழைய வடிவம் வேண்டுமென்றால் முந்தைய தலைமுறையில்தான் தேட வேண்டும். எனக்கு இதில் வருத்தம்தான்.

கிரீஸ்கை:

பழுதுபார்ப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முதலில் டயர். ஷோரூமில் 20 அங்குல சக்கரம் போட்ட வண்டியைத்தான் முன்னால் நிறுத்துவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். 255/45 ஆர்20 டயரையும் 235/60 ஆர்18 டயரையும் பக்கத்தில் வைத்தால் மொத்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ரப்பர் சுவரின் உயரம் முதலாவதில் சுமார் 115 மில்லிமீட்டர், இரண்டாவதில் 141. அந்த 26 மில்லிமீட்டர்தான் பள்ளத்தை உங்கள் முதுகுக்கு வராமல் தடுப்பது. ஏர் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண ஸ்பிரிங் வண்டியில் 18 அங்குலச் சக்கரம் போட்டு ஓட்டிப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும் என்பீர்கள். சாய்வுச்சாலை நண்பர் ஓட்டிப் பார்த்த வண்டிகளில் எத்தனைக்கு 20, 21 அங்குலச் சக்கரம் இருந்தது என்று கேட்க ஆசை.

இரண்டாவது, ஆல் வீல் டிரைவ் என்று பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு இயந்திரம் இருக்கும். ஆடியின் ஆல் வீல் டிரைவான குவாட்ரோ 1980இல் வந்தது. ஆனால் இன்று ஏ3யில் இருக்கும் குவாட்ரோ வேறு, கியூ7இல் இருப்பது வேறு. இன்ஜின் குறுக்கே வைத்த சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரமே வேலை செய்யும், தேவைப்படும்போது மல்டி பிளேட் கிளட்ச் ஒன்று பின்சக்கரத்தை இணைக்கும். கியூ7 போன்றவற்றில் நடுவில் டிஃபரன்ஷியல் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் கியர் தொகுதி) இருந்து எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும். டொயோட்டா, லெக்சஸ் ஹைப்ரிட்களின் இ-ஃபோர் அமைப்பில் முன்னிருந்து பின்னுக்குப் போகும் தண்டே கிடையாது, பின்சக்கரத்துக்குத் தனி மின்மோட்டார். செங்குத்துச் சாலை ஏற எல்லாமே உதவும். ஆனால் பராமரிப்பு ஒன்றுபோல இருக்காது.

கிளட்ச் இணைப்பு உள்ளவற்றில் அந்த இணைப்புக்குத் தனி எண்ணெய் உண்டு. மாற்றாமல் விட்டால் தேய்ந்த துகள் பம்ப்பின் வலையை அடைத்து, பம்ப் எரிந்து, பின்சக்கரம் சத்தமில்லாமல் வேலையை நிறுத்தும். பல வண்டிகளில் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை, சேற்றில் மாட்டும் நாளில்தான் தெரியும். பழைய வண்டி வாங்கினால் சர்வீஸ் பதிவில் இந்த எண்ணெய் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அப்படித்தான். ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று சில கார் நிறுவனங்கள் எழுதி வைக்கின்றன. அந்தக் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் இஷ்டம், நான் செய்தவர் பேச்சைக் கேட்பேன்.

பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல ஒரு வட்டம் போடுங்கள். வண்டி இழுத்துப் பிடித்து, துள்ளித் துள்ளி நகர்ந்தால் முன், பின் சக்கரங்களைப் பிணைக்கும் நடு இணைப்பில் கோளாறு இருக்கலாம், அல்லது நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. டயர் சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நான்கிலும் நான்கு வெவ்வேறு ஆண்டு இருந்தால் முந்தைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தார் என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பின்சீட்டுப்பயணி:

நான் செடானை விடவே இல்லை, அதே அளவிலுள்ள இன்னொரு செடானுக்குப் போனேன், ஆல் வீல் டிரைவ் உள்ளது. பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே நினைவுக்கு வருவதில்லை. மெர்சிடீஸின் ஆல் வீல் டிரைவான 4மேட்டிக் 80களிலேயே டபிள்யூ124 செடானில் வந்தது. பிஎம்டபிள்யூவும் 80களிலேயே 325ஐஎக்ஸ் போட்டது. அதே அமைதி, அதே மிதப்பு, கூடவே பிடிப்பு. கிரவுண்ட் கிளியரன்ஸ் மட்டும் அதிகமாகாது, சில மாடல்களில் குறையக்கூடச் செய்யலாம். ஆழமான சேறோ கனத்த பனியோ இல்லாத, வழுக்கும் தார்ச்சாலைதான் பிரச்சினை என்றால் உயரத்துக்கு ஏன் அலைய வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும், இறக்கத்தில் அது ஒன்றும் செய்யாது. எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக். சுலபமாக ஏறிவிட்டோமே என்ற தெம்பில் அதே வேகத்தில் இறங்கினால் எந்த டிரைவும் காப்பாற்றாது. உறைபனி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகப் போக கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைகிறது. மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த குறி உள்ள டயரைப் போடுங்கள். நல்ல குளிர்கால டயர் போட்ட இரண்டு சக்கர டிரைவ், கோடை டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிடப் பனியில் பத்திரமாக நிற்கும்.

சாய்வுச்சாலை:

கிரீஸ்கை அண்ணா, நீங்கள் கேட்டது சரிதான். எனக்குப் பிடிக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை 20, 21 அங்குலம். ஒரு லெக்சஸ் ஆர்எக்ஸை மறுபடி 18 அங்குலச் சக்கரத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதே சாலை, அதே பள்ளங்கள், தலை ஆடுவது பாதிக்குப் பாதி குறைந்தது. செடான் அளவுக்கு மிதக்கவில்லை, ஆனால் அம்மா பின்சீட்டில் எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் இருப்பதே எங்கள் வீட்டில் பாராட்டு.

இப்போது என் மனத்தில் இரண்டே இரண்டு. அந்த ஆர்எக்ஸ் ஹைப்ரிட், இல்லையென்றால் நீளக்கார் நண்பர் சொன்ன வகையில் ஓர் எஸ்டேட். ஆல் வீல் டிரைவ் செடான் ஆசையாகத்தான் இருக்கிறது, எங்கள் சாலையில் மழைக்குப் பின் நடுவில் எழும்பி நிற்கும் மண்மேடு அடித்தட்டை உரசும் என்பதால் விட்டுவிட்டேன். ஏர் சஸ்பென்ஷன் உள்ளது எதுவும் பழையதாக வேண்டாம் என்று முடிவு. புதிதாக இருக்கும்போது அதைவிடச் சுகம் கிடையாது, எனக்குத் தெரியும். அடுத்தவர் அனுபவித்து முடித்த காற்றுப்பையை நான் வாங்க மாட்டேன்.

ஒரு டயர் மட்டும் வழியில் கிழிந்தால் என்ன செய்வது? நான்கும் மாற்ற வேண்டும் என்கிறார்களே.

கிரீஸ்கை:

மற்ற மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. டயரின் சுற்றளவு மாறினால் நடு இணைப்பு நேர்ச்சாலையிலும் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகித் தேயும். மற்றவை பாதி தேய்ந்திருந்தால் அதே டயரைப் புதிதாக வாங்கி, அளவுக்குச் சீவித் தருபவர்களும் இருக்கிறார்கள், விசாரியுங்கள். சின்ன ஸ்டெப்னி போட்டு ஓட்டினால் அருகிலுள்ள கடைவரைக்கும் மட்டும், மெதுவாக. சில பழைய சுபாரு ஆட்டோமேட்டிக்குகளில் ஒரு ஃபியூஸைச் செருகி பின்சக்கர டிரைவை நிறுத்திவைக்கும் வசதியே இருந்தது. நீங்கள் நினைக்கும் ஹைப்ரிட்டில் நடுத்தண்டு இல்லாததால் நடு இணைப்பு தேயும் பயம் இல்லை. இருந்தாலும் ஒரே அச்சில் வலதும் இடதும் ஒத்த டயராக இருக்கட்டும். வாங்கும் முன் பின்புறத் தரையைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா இல்லை பஞ்சர் அடைக்கும் பசை டப்பா மட்டும்தானா என்று பார்த்துவிடுங்கள். இப்போது பல வண்டிகளில் டப்பாதான்.